கோட்டுக்குள் பெய்யும் மழை

ஐப்பசி பிறந்துவிட்டால் திண்டுக்கல்லில் பள்ளி விடும் நேரம் பார்த்துச் சிறுமலைப் பக்கம் இருண்டுகொண்டு வரும். மழைக்கோட்டின் பொத்தான்களையெல்லாம் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வீடு சேருகிறீர்கள். கோட்டைக் கழற்றினால் சட்டை ஈரம்! கோட்டில் ஓட்டை இல்லை. பின் நீர் எங்கிருந்து வந்தது?

உங்களிடமிருந்தேதான். சைக்கிள் மிதிக்கையில் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி வெப்பமாகிறது. அதை வெளியேற்றவே உடல் வியர்க்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். கோட்டு வழியை அடைத்துவிட்டால், ஆவி அதன் உட்புறத்திலேயே மீண்டும் நீராகிச் சொட்டும். 1823-இல் சார்லஸ் மக்கின்டாஷ் இரு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைத்துணிக்குக் காப்புரிமை பெற்ற நாள் முதல் இந்தத் தொல்லை உண்டு. 1969-இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து, நுண்துளைகள் நிறைந்த பொருளாக்கினார். அதிலிருந்து செய்த படலத்தில் ஆவி வெளியேறும், மழைத்துளி நுழையாது. ஆனால் நம் ஊர் மழைக்காற்று வெதுவெதுப்பானது, ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. ஆவி அதற்குள் எளிதில் போகுமா? கொடுத்த விலைக்குப் பலன் இராது.

வயலில் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்களே, அந்தக் கொங்காணியைப் பாருங்கள். முதுகு நனையாது, முன்புறம் திறந்திருப்பதால் வியர்வையும் உலரும். கீழே திறந்த மழைப்போர்வையான 'கேப்' இதே வகைதான். அதன் முன்விளிம்பைக் கைப்பிடியின் மேல் போட்டுக்கொண்டால் தொடையும் தப்பும். நடுத்தர மழைத்துளி விநாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நீங்கள் விநாடிக்கு 4 மீட்டர் முன்னேறுகிறீர்கள். காற்றே வீசாவிட்டாலும் மழை எதிரிலிருந்து சாய்ந்து அடிப்பது இதனால்தான். பின்விளிம்பை மட்டும் சக்கரத்தில் சிக்காதபடி இடுப்போடு கட்டிவிடுங்கள்.

எல்லாச் சைக்கிளுக்கும் கேப் பொருந்தாது. சாய்ந்து படுத்தபடி, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் சைக்கிளும் உண்டு. 1933-இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் அதில் ஒரே மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டினார். மறு ஆண்டே சர்வதேசச் சைக்கிள் சங்கம் அதைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது! அதில் மார்பும் வயிறும் வானத்தைப் பார்த்திருக்கும். மடியில் நீர் தேங்கும். கால்சட்டையின் வாய்க்குள்ளேயே மழை அடிக்கும். ஆகவே கழுத்தை மூடும் கோட்டும், கணுக்காலில் இறுக்கிய மழைக்கால்சட்டையும், முகத்துக்கு விளிம்புத் தொப்பியும், நீர் வடிய வலை இருக்கையும் வேண்டும்.

உடையைவிட முக்கியமானது பிரேக். இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். வண்டி நிற்கப் பல மடங்கு தூரம் ஓடும். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவதை வீரம் என்று எண்ணிய காலம் எனக்கும் உண்டு. வாழைத்தார் ஏற்றிய கைவண்டி ஒன்று அந்த எண்ணத்தைத் தீர்த்துவைத்தது. இப்போதெல்லாம் சந்திப்பு வருவதற்கு வெகு முன்பே இரு பிரேக்கையும் லேசாக அழுத்திக்கொண்டு வருகிறேன். கட்டைகள் ரிம்மிலுள்ள நீரைத் துடைத்த பிறகுதான் பிடிப்பு கிடைக்கிறது.