கப்பலில் செல்வோர் பெட்டி

தஞ்சைத் தரணியில் உள்ளவர்களுக்குக் கப்பற்பயணம் புதிய செய்தியன்று. நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலைப் படகில் சென்று அடைந்து, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய்வந்த ஒருவரேனும் இல்லாத தெருவை நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கங்களில் காண்பது அரிதாக இருந்த காலம் உண்டு. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவ்வழியே ஓடிற்று. 1970-களின் தொடக்கத்தில் அது ஓய்வு பெற்றபின் 'சிதம்பரம்' என்னும் கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது.

அக்காலத்தில் கப்பலேறியவர்கள் பிழைப்புக்காகச் சென்றவர்கள். இன்று விடுமுறையைக் கழிப்பதற்கென்றே கப்பலேறுகிறார்கள். 2023 ஜூன் 5 அன்று 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குப் புறப்பட்டுச் சென்ற செய்தியை மாணவர்கள் படித்திருப்பீர்கள். அத்தகைய பயணம் ஒன்றுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த என் பழைய மாணவர் ஒருவர், கடைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலை என்னிடம் காட்டினார். தொப்பி, நிறக் கண்ணாடி, அரைக்காற்சட்டை, கறுப்புக் கோட்டு, அதற்கேற்ற பாதரட்சை என்று அது நீண்டுகொண்டே போயிற்று. கப்பற்கட்டணத்தில் பாதியைத் துணிக்கடையே கொண்டுபோய்விடும் போலிருந்தது. எது வேண்டும், எது வேண்டா என்பதைக் காரணத்தோடு அவருக்குச் சொன்னேன். அதனையே உங்களுக்கும் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். கப்பலின் வேகத்தை 'நாட்' என்னும் அளவால் குறிப்பர். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பதினெட்டு நாட் வேகத்தில் செல்லும் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில், கடலில் ஓர் இலை அசையும் காற்றுக்கூட இல்லாத நாளிலும், மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதும். மிதிவண்டியில் இறக்கத்தில் வரும்போது மேல்துண்டு என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். குடை அங்கே பயன்படாது. விரித்த கணமே மறுபுறம் மடங்கிவிடும். கயிறில்லாத தொப்பி கடலுக்குத்தான் சொந்தம். நம் வயற்காட்டில் நாற்றுப் பறிப்போர் தலையில் முண்டாசு கட்டியிருப்பார்களே, அந்தத் துண்டுக்கு இணையான தலையணி கப்பற்றளத்துக்கு வேறில்லை. வெயிலைத் தடுக்கும், வியர்வையைத் துடைக்க உதவும், குளிர்ந்தால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம். வெயில் மேலிருந்து மட்டும் வருவதன்று, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்துக் கீழிருந்தும் முகத்தைச் சுடும் என்பதையும் நினைவிற் கொள்க. ஆகவே முழங்கை மறையும் சட்டை நல்லது. நிறக் கண்ணாடி வீண் ஆடம்பரமன்று; பட்டியலில் அதனை நான் அடிக்கவில்லை.

அடுத்தது உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. ஆறுகள் வந்து விழும் வங்கக் கடலில் இது சற்றுக் குறையலாம். காற்றில் சிதறும் நீர்த்திவலைகள் துணியில் படிந்து உலரும்போது நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். சோற்றுப்பு ஒன்றுதான் தங்குகிறது என்று எண்ணவேண்டா. மக்னீசியம் குளோரைடு என்னும் உப்பும் உடன் தங்குகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடுக்களையிலுள்ள உப்புச்சாடி கசிந்து நிற்பதை உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். சுத்திகரிக்காத வேதாரணியத்துக் கல்லுப்பாயின் இன்னும் மிகுதியாகக் கசியும். அதே வினைதான் சட்டையிலும் நிகழ்கிறது. கடற்காற்றில் ஒருநாள் கிடந்த துணி எத்தனை நேரம் காயவைத்தாலும் பிசுபிசுப்பு நீங்காமல் உடலோடு ஒட்டுவதற்கு இதுவே காரணம். அதனை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும். உப்பு கரைந்து போய்விடும். கடல்நீரில் துவைத்துப் பயனில்லை. அந்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து திரிதிரியாக அழுக்குப் போல் படியுமேயன்றி நுரை எழாது.

இதிலிருந்து உடையின் தன்மை தானே விளங்கும். எளிதில் அலசக்கூடியதாகவும் விரைவில் உலரக்கூடியதாகவும் அது இருக்கவேண்டும். பருத்தியா, பாலியெஸ்டரா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆய்வுக்கூடத்தின் நிலையான ஈரப்பதத்தில் 100 கிராம் உலர்ந்த பருத்தி 8.5 கிராம் வரை ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டரோ அரைக் கிராமும் ஏற்பதில்லை. எனவே வியர்க்கும் உடலுக்குப் பருத்தி இதமாக இருக்கிறது. ஆனால் அது ஏற்ற ஈரத்தை எளிதில் விடுவதில்லை. குளியலறைக் கம்பியில் இரவு போட்ட பருத்திச் சட்டை காலையிலும் ஈரமாகவே இருக்கும். ஆகவே பகலில் அணிய மெல்லிய பருத்தியும், மாற்றுக்கு இரண்டும் கலந்து நெய்த துணி ஒன்றிரண்டும் என்று பங்கிட்டுக்கொள்வது அறிவுடைமை. செயற்கை இழைக்கு வேறொரு குற்றமும் உண்டு. தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கப்பலில் தீ விபத்து நேர்வது அரிது என்றாலும், அடுக்களைப் பக்கமோ இயந்திரப் பக்கமோ வேலை செய்வோர் முழுவதும் அதையே உடுத்துவது தகாது.

இனிக் குளிரைப் பற்றிச் சொல்லவேண்டும். வெப்பக் கடலில் செல்லும் கப்பலுக்குள் குளிரா என்று நகைக்கவேண்டா. மேல்தளத்தில் வேர்த்து நின்றவர் ஒரு கதவைத் திறந்து உள்ளே சென்றால், இயந்திரக் குளிர்ச்சி ஊட்டப்பட்ட கூடத்தில் நடுங்குவார். அங்கே ஒரு பருத்திச் சால்வையோ மெல்லிய கம்பளி மேலாடையோ தேவை. அது தோளிலோ கைப்பையிலோ எப்போதும் இருக்கவேண்டும். பெட்டிக்குள் பத்திரமாக இருந்து பயனில்லை.

இந்த இடத்தில் நம் கும்பகோணத்துக் கணித மேதை இராமானுசனைப் பற்றி ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. அவர் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' என்னும் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். புறப்படுமுன் அவருடைய குடுமி எடுக்கப்பட்டது. மேலைநாட்டு உடைகள் வாங்கிக் கொடுத்தார்கள். அவற்றை அணியவும், முள்ளும் கத்தியும் கொண்டு உண்ணவும் பழக்கினார்கள். கால்சட்டையும் கோட்டும் அவருக்கு ஒருநாளும் இயல்பாக அமையவில்லை. பாதரட்சை காலைக் கடித்ததால் அறைக்குள் வெறும் செருப்பே அணிந்திருந்தார். கேம்பிரிட்ஜில் பின்னாளில் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞரான மகலனோபிசு ஒருநாள் அவரைக் காணச் சென்றார். இரவில் குளிர் தாங்காமல் மேற்கோட்டை அணிந்து, சால்வையைப் போர்த்துக்கொண்டு உறங்குவதாக இராமானுசன் சொன்னார். வந்தவர் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் போதிய அளவு இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு சேர்த்து நாற்புறமும் இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை இராமானுசனுக்கு யாரும் சொல்லவில்லை. மேல்விரிப்பு ஒன்றை மட்டும் போர்த்துக்கொண்டு அவர் நடுங்கியிருக்கிறார்.

முடிவிலி பற்றி எண்ணிய அறிவுக்கு இது தெரியவில்லையே என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கோட்டு அணியக் கற்பித்தவர்கள் கம்பளிக்குள் படுக்கக் கற்பிக்கவில்லை. பிறர் கண்ணுக்குத் தெரியும் உடையைப் பற்றியே அனைவரும் கவலைப்பட்டார்கள். இன்றைய உல்லாசக் கப்பலின் அறைகளிலும் படுக்கையை இவ்வாறுதான் செருகி வைக்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்களை அழைத்துச் செல்லும் இளைஞர்கள் முதல் இரவே அதனைத் தளர்த்திக் காட்டுவார்களாக. காதையும் தலையையும் மூட ஒரு பருத்தித் துணி அவர்களுடைய பையில் இருக்கட்டும்.

காந்தியடிகளின் அனுபவமும் கப்பற்பெட்டியைப் பற்றியதே. 1888-இல் பாரிஸ்டர் படிப்புக்குச் சென்றபோது கப்பலில் கறுப்பு உடை அணிந்திருந்தார். கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளை ஃபிளானல் உடையை எடுத்து வைத்திருந்தார். இறங்கியதோ செப்டம்பர்க் கடைசியில். அந்தப் பருவத்தில் வெள்ளை உடுத்தியவர் தாம் ஒருவரே என்று கண்டு நாணினார். பெட்டிகளோ முகவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன, மறுநாள் ஞாயிறு, மாற்றிக்கொள்ள வழியில்லை. இதனை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1931-இல், வட்டமேசை மாநாட்டுக்காக 'ராஜபுதானா' கப்பலில் சென்றபோது, 1921-இல் நம் மதுரையில் மேற்கொண்ட அரையாடையோடு சென்றார். உடன் வந்தவர்கள் சேர்த்திருந்த மிகைப் பெட்டிகளைக் கண்டு கடிந்து, ஏடன் துறைமுகத்திலிருந்து அவற்றைத் திருப்பி அனுப்பச் செய்தார்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவோம். உல்லாசக் கப்பல்களில் ஓரிரு இரவு விருந்துகளுக்குச் சிறப்புடை அணிந்து வருமாறு கேட்டுக்கொள்வது வழக்கம். அதற்குக் கோட்டுத்தான் வேண்டும் என்று முடிவு கட்டவேண்டா. கரையிட்ட வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமும் நம் நாட்டின் சிறப்புடையே. 2014-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு மன்றம், வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்ததும், அதன்மேல் அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய தடையை நீக்கிச் சட்டம் இயற்றியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கப்பல் நிறுவனத்தின் விதி எதுவாயினும், பயணச்சீட்டு வாங்கும்போதே எழுதிக் கேட்டு விடை பெற்றுக்கொள்வது நன்று. பெண்டிர்க்குத் திருபுவனம் பட்டை விட வேறென்ன வேண்டும்? ஆனால் பட்டை மேல்தளத்துக்குக் கட்டிச் செல்லவேண்டா; உப்புத் திவலை பட்ட இடம் கறையாக நிற்கும். கைலியைப் பற்றியும் கேட்டார்கள். அறைக்குள் அதனினும் சுகமான உடை கிடையாது. அறைக்கதவுக்கு வெளியே அது வரவேண்டா என்பது என் கருத்து.

கரையிறங்கும் இடங்களுக்கும் வேட்டியே துணை. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குள் ஆடவர் மேற்சட்டையின்றியே செல்லவேண்டும். இலங்கையின் பௌத்த விகாரைகளிலோ தோளும் முழங்காலும் மறைந்திருக்கவேண்டும். தொப்பியும் காலணியும் வெளியே. ஆகவே அந்தப் பட்டியலிலிருந்த அரைக்காற்சட்டைகளுள் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றை நீக்கச் சொன்னேன்.

காலுக்கு, ஈரத்தில் வழுக்காத ரப்பர் அடியுள்ள, குதிகாலைப் பற்றிக்கொள்ளும் செருப்பு ஒரு சோடி போதும். கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனேயோ ஆபத்துக்காலப் பயிற்சிக்கென்று எல்லோரையும் அழைப்பார்கள். உயிர்காப்பு அங்கியை மாட்டிச் செங்குத்தான படிகளில் ஏறி இறங்க நேரிடும். அப்போது தரையில் புரளும் உடை தடுக்கும். நடவு நடும் பெண்கள் சேலையை வரிந்து செருகும் முறை தெரிந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. தெரியாதவர்கள் சல்வார் அணிந்து செல்க.

எத்தனை உடை என்ற கேள்விக்கு விடை எளிது. ஐந்து இரவுப் பயணத்துக்கு நான்கு சட்டை, இரண்டு கால்சட்டை, இரண்டு வேட்டி, உள்ளாடை ஆறு, துண்டு மூன்று, சால்வை ஒன்று. தீ அபாயம் கருதி இஸ்திரிப் பெட்டியைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. ஆதலால் துணிகளை மடிக்காமல் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி அடுக்குங்கள், மடிப்புக்கோடு விழாது. கப்பலேறும் நாளில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு பல மணி நேரம் கழித்தே அறைக்கு அனுப்புவார்கள். ஆகவே ஒரு மாற்றுடை, சால்வை, மருந்து இவை கைப்பையில் இருக்கவேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் விடப்பட்ட கப்பலில் செல்வோர்க்கு அந்தக் கைப்பையே ஏறக்குறைய முழு மூட்டை. சில மணி நேரப் பயணம்தானே.

வீடு திரும்பியதும் உடுத்தியது, உடுத்தாதது என்று பாராமல் எல்லாத் துணிகளையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தியபின் அலமாரியில் வையுங்கள். பட்டை மட்டும் நீரில் நனைக்காமல் காற்றாட விரித்து வைத்து எடுக்கவும். பெட்டியின் பூட்டிலும் கீல்களிலும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்தபின் ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும். உப்புக்காற்றை ஒரு வாரம் குடித்த இரும்பு, துடைக்காமல் விட்டால், அடுத்த பயணத்துக்குத் திறக்காது.