பயணத்திற்குச் சில அரபுச் சொற்கள்

மொழி அறியாத ஊரில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்பதற்கும் கைச்சாடை காட்டி நின்ற கதைகளைத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். இக்காலத்தில் நம்மவருள் சிலர் வேலையை நாடி வளைகுடா நாடுகளுக்கும், பிரமிடுகளைக் காண எகிப்துக்கும் செல்கின்றனர். ஆங்கு வழங்கும் மொழி அரபு. அரபு நாடுகளின் கூட்டமைப்பில் 22 நாடுகள் உள்ளன. 1973-ஆம் ஆண்டு முதல் அரபு ஐக்கிய நாட்டு மன்றத்தின் அலுவல் மொழிகளுள் ஒன்றாகவும் விளங்குகின்றது. இத்துணைப் பெரிய மொழியை எங்ஙனம் கற்பது என்று மலைக்க வேண்டா. அதில் ஒரு சிறு பகுதியை நாம் முன்னரே பேசி வருகின்றோம்.

மாணவர்களே, கிழமைகளின் பெயர்களை மலாய்மொழியில் சொல்லிப் பாருங்கள். அஹாட், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ். இவை ஐந்தும் அரபு எண்களிலிருந்து பிறந்தவை. அரபு வணிகர் ‘வாஹித், இத்னான், தலாதா, அர்பஆ, கம்ஸா’ என்று ஒன்று முதல் ஐந்துவரை எண்ணும்போது நம் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையே அங்கு ஒலிப்பதுபோல் இருக்கும்! சவர்க்காரத்தைக் குறிக்கும் ‘சாபுன்’, நாற்காலியைக் குறிக்கும் ‘கெருசி’ ஆகியனவும் அரபிலிருந்து மலாய்க்கு வந்தவையே. தமிழில் நாம் வழங்கும் வக்கீல், பாக்கி, அசல், நகல் என்பனவும் அவ்வாறே.

இனி, முகமன் கூறும் முறையைக் காண்போம். காலையில் ஒருவர் ‘ஸபாஹுல் கைர்’ என்பார். நன்மைக் காலை என்பது அதன் பொருள். அதற்கு மறுமொழி அதே சொல் அன்று. ‘ஸபாஹுன் நூர்’, அஃதாவது ஒளிக் காலை என்று கூற வேண்டும். பெற்ற வாழ்த்தைச் சற்றே அழகுபடுத்தித் திருப்பித் தரும் இவ்வழக்கம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நன்றி கூற ‘ஷுக்ரன்’. அதற்கு விடை ‘அஃப்வன்’. ஆம் என்பதற்கு ‘நஅம்’, இல்லை என்பதற்கு ‘லா’. ‘தயவுசெய்து’ என்பதில் மட்டும் விழிப்பு வேண்டும். ஆடவரிடம் ‘மின் ஃபள்லக்’ என்றும், பெண்டிரிடம் ‘மின் ஃபள்லிக்’ என்றும் சொல்லுதல் முறை. ‘உன்’ என்னும் சொல் தமிழில் இருபாலார்க்கும் பொது. அரபில் அவ்வாறு இல்லை.

கடைக்குச் சென்றால் ‘பிகம் ஹாதா?’ எனக் கேட்கலாம். ‘இது என்ன விலை?’ என்பது பொருள். விடை புரியாவிடில் விலைச்சீட்டைப் பார்ப்போம். இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். எகிப்திலும் வளைகுடா நாடுகளிலும் எழுதப்படும் எண்களில், வட்டமாக இருப்பது ஐந்து. சுழியம் வெறும் புள்ளி. நம் 7-ஐப் போலத் தோன்றுவது ஆறு. ஒன்றையும் வட்டத்தையும் கண்டு 10 பவுன் நீட்டினால், கடைக்காரர் இன்னும் ஐந்து கேட்பார். அவர்மீது குற்றமில்லை, அங்கு எழுதியிருப்பது 15. எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதும் அவர்கள், எண்களை மட்டும் நம்மைப்போல் பெரிய இலக்கத்தை இடப்புறம் வைத்தே எழுதுகின்றனர். இவ்வெண்களை அரபு மக்கள் ‘இந்திய எண்கள்’ என்றே அழைக்கின்றனர் என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. மொரோக்கோ, துனிசியா போன்ற நாடுகளில் இத்தொல்லை இல்லை. ஆங்கு நாம் எழுதும் எண்களே வழக்கில் உள்ளன.

தண்ணீருக்கு ஏட்டில் ‘மா’ என்று இருக்கும். எகிப்தில் அதுவே ‘மய்யா’, வளைகுடாவில் ‘மாய்’. எங்கே என்பதற்கு ஏட்டுச் சொல் ‘அய்ன’. எகிப்தியர் ‘ஃபேன்’ என்பர், வளைகுடாவினர் ‘வேன்’ என்பர். வேலைக்குச் செல்வோர் இரண்டு தொடர்களையேனும் மனப்பாடம் செய்துகொள்ளுதல் நலம். ‘அன மரீள்’ என்றால் ‘நான் நோயுற்றிருக்கிறேன்’; பெண்கள் ‘அன மரீளா’ என்பர். ‘அய்னல் முஸ்தஷ்ஃபா?’ என்றால் ‘மருத்துவமனை எங்கே?’ நள்ளிரவில் காய்ச்சல் கண்டவர்க்கு, அகராதியைப் புரட்ட நேரம் இராது.

ஒலிப்பில் ஓர் இடர் உண்டு. தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒரு ககரமும், நாம் பலுக்கும் ககரமும் அரபில் வெவ்வேறு எழுத்துகள். தமிழில் இரண்டையும் ‘கல்பு’ என்றே எழுதுவோம். முன்னதில் தொடங்கினால் அது நெஞ்சம். பின்னதில் தொடங்கினால் அது நாய். ‘என் நெஞ்சமே’ என்று அன்பொழுக அழைக்க விரும்புவோர், அரபு அறிந்த ஒருவரிடம் முதலில் ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டுச் செல்க.