எட்டுமா மருந்து? – 9
ரத்தம் போர்த்தும் உறை

புரதம் செய்யச் செல்லுக்குக் கட்டளை தரும் எம்.ஆர்.என்.ஏ., அதைச் சுமக்கும் கொழுப்பு நானோ துகள், புனே ஜென்னோவாவின் கொரோனா தடுப்பூசி ஜெம்கோவாக் எல்லாம் சென்ற வாரங்களிலேயே வந்துவிட்டன. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

புனேயில் விமான் நகரை ஒட்டிய லோஹகாவ் விமான நிலையத்திலிருந்து 2021 ஜனவரி 12 அன்று கோவிஷீல்ட் கொரோனா தடுப்பூசியின் முதல் பெட்டிகள் கிளம்பின. அன்றைக்கே சென்னை வந்து சேர்ந்தன. ஊர்விட்டு ஊர் மருந்து அனுப்புவது புனேவுக்குக் கைவந்த கலை. ஆனால் எம்.ஆர்.என்.ஏ. புற்றுநோய்த் தடுப்பூசியை மடக்குவது ஊர்வழி அல்ல, உடம்புக்குள் இருக்கும் வழிதான். அது மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் உள்ள, எதிரியை நோய் எதிர்ப்புப் படைக்கு அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்களை எட்ட வேண்டும். சிரையில் ஏற்றினால் வழக்கமான கொழுப்புத் துகள்களில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் இறங்கியதுமே ஏ.பி.ஓ.ஈ. என்ற புரதம் துகள்மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதத்தைக் கண்டால் கல்லீரல் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

ரத்தத்தில் நுழையும் அயல் துகள்கள் பெரும்பாலும் இப்படிப் புரதம் பூசிக்கொள்ளும். இதைத் துருவியவர்களில் லியோ வ்ரோமன் என்பவரிடம் இந்த வாரம் முழுக்கச் சிக்கிக்கொண்டேன். 1915இல் நெதர்லாந்தின் கௌடாவில் பிறந்தவர். 1940 மே மாதம் ஜெர்மன் படை நுழைந்ததும், நிச்சயித்த பெண் டினகேயை விட்டுவிட்டுப் பாய்மரப் படகில் இங்கிலாந்துக்குத் தப்பினார். அங்கிருந்து ஜாவா, பிறகு ஜப்பானியர்களின் போர்க்கைதி முகாம்கள். 1947இல் நியூயார்க்கில் டினகேயை மீண்டும் கண்டார், மணந்தார். டச்சு மொழியின் பெருங்கவிகளில் ஒருவரான இவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது ரத்த ஆராய்ச்சி. கண்ணாடிமேல் ரத்தம் பட்டால் முதலில் ஒட்டும் புரதம் அங்கேயே தங்குவதில்லை, இன்னும் இறுகப் பற்றும் புரதம் பின்னால் வந்து அதைத் தள்ளிவிட்டு உட்காருகிறது என்று 1960களில் காட்டினார். பேருந்தில் துண்டு போட்டு இடம்பிடித்தவரை எழுப்பிவிடும் முரட்டு ஆள்போல. இதற்கு 'வ்ரோமன் விளைவு' என்றே பெயர். 2014இல் 98 வயதில் இறக்கும்வரை கவிதையும் எழுதிக்கொண்டிருந்தார்.

இனி துகளுக்கு வருவோம். அமெரிக்காவின் டாலஸில் டேனியல் சீக்வர்ட் குழு 2020இல் துகளின் கலவையில் இன்னொரு கொழுப்பைச் சேர்த்து, எலிகளில் மருந்தை மண்ணீரலுக்கும் நுரையீரலுக்கும் திருப்பியது. அடுத்த ஆண்டு காரணமும் தெரிந்தது: கொழுப்பு மாறியதும் ஒட்டும் புரதமும் மாறியிருந்தது. நுரையீரலுக்குப் போன துகளில் விட்ரோனெக்டின் என்ற புரதம் ஏறியிருந்தது.

அப்படியானால் வேண்டிய புரதத்தை ஆய்வுக்கூடத்திலேயே பூசி அனுப்பலாமே? முயல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பூசியது கழன்றுவிடாமல் நிலைக்க வேண்டும். இல்லாவிட்டால் வ்ரோமன் கண்டது ரத்தத்தில் மறுபடி நடக்கும்.

மனிதர்களிடமும் இந்த வழியைச் சோதித்திருக்கிறார்கள்: 2023இல் வெளியான கணையப் புற்றுநோய்ச் சோதனையில் பயோஎன்டெக் நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைச் சிரை வழியாகத்தான் ஏற்றினார்கள். 16 பேரில் 8 பேருக்கு எதிர்ப்புச் செல்கள் கிளம்பின. மற்ற 8 பேருக்கு ஏன் கிளம்பவில்லை? டென்ட்ரிடிக் செல்லுக்குள் நடப்பதை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதையும் இந்தக் கேள்வியையும் சேர்த்து அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)