உங்களுக்குத் தெரியுமா? செப்டிக் டேங்க்குக்கு எட்டு கிரவுண்டு!

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சஃபோக் கவுண்டியில் செப்டிக் டேங்க்கை நம்பிப் புதிதாக மனை பிரிப்பதென்றால், வீட்டுக்கு 20,000 சதுர அடியாவது வேண்டும். நம் கணக்கில் எட்டு கிரவுண்டுக்கும் மேல்! சில நிலத்தடி நீர் மண்டலங்களில் 40,000. அங்கே குடிநீரே நிலத்தடி நீர்தான். தொட்டி கசடைத்தான் பிடிக்கும். கழிவிலுள்ள நைட்ரஜன் தெளிநீரோடு நழுவி, மணலில் நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்கும். வீடுகள் நெருங்கினால் அதை நீர்க்கச் செய்ய மழை போதாது. நெருக்கமாகக் கட்டியே தீருவேன் என்பவர்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலவழிக்க வேண்டும். இவ்வளவு கறார் காட்டிய கவுண்டி சுகாதாரத் துறை, தொட்டியே இல்லாத பழைய உறைக்குழி பழுதானால் அதேபோல் இன்னொன்று தோண்டுவதை 2019 ஜூலையில்தான் தடுத்தது என்பது வேடிக்கை.