மாத்திரையும் தட்டும்: சர்க்கரை நோயின் முதல் மூன்று மாதம்

இரண்டாம் வகை நீரிழிவில் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுவதில்லை. சுரக்கும் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரியாக இணங்குவதில்லை. அதை ஈடுகட்டச் சுரந்து சுரந்து கணையமும் நாளடைவில் தளர்கிறது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் ஆகியவை எல்லைக்கோடுகள். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வது வழக்கம். 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். இந்தச் சராசரிப்படி பார்த்தால், சென்னைப் புறநகர் ராஜகீழ்ப்பாக்கத்தில் எட்டு வீடு கொண்ட ஒரு சின்ன அடுக்குமாடியிலேயே இரண்டு மூன்று பேர் சர்க்கரை நோயுள்ளவர்களாக இருக்கக்கூடும்.

மருத்துவர் எழுதித் தரும் முதல் மாத்திரை பெரும்பாலும் மெட்பார்மின். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் புழங்கிய கலேகா என்ற செடியில் உள்ள வேதிப்பொருளை ஒட்டி உருவான மருந்து இது. 1957-ல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் இதை நீரிழிவுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார். ராத்திரி அரை வயிறு சாப்பிட்டுப் படுத்தவருக்கும் காலையில் சுகர் ஏறி நிற்பது ஏன் என்ற புதிருக்கு விடை கல்லீரல். அது இரத்தத்தில் விடும் குளுக்கோஸை மெட்பார்மின் மட்டுப்படுத்துகிறது.

ஆனால் முதல் ஓரிரு வாரம் இது வயிற்றைப் படுத்தும். உப்புசம், வயிற்றுப்போக்கு, வாயில் உலோகச் சுவை எல்லாம் வரலாம். பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால், சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டதும் போட்டால், பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை அடங்கிவிடும். அடங்காதவர்களுக்கு மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகை உண்டு. அந்த வகையில் மாத்திரையின் கூடு அப்படியே மலத்தில் வெளியேறுவதைப் பார்த்து ‘மருந்து கரையவே இல்லை’ என்று பதறுகிறவர்கள் உண்டு. வருவது வெறும் கூடு. மருந்து உள்ளே இறங்கியிருக்கும். ஆண்டுக்கணக்கில் மெட்பார்மின் எடுப்பவர்களுக்கு, குறிப்பாகச் சைவ உணவுக்காரர்களுக்கு, வைட்டமின் பி12 குறையலாம். அதனால் கால் மரத்துப்போவதையும் சுகரின் கணக்கிலேயே எழுதிவிடுவது நடக்கிறது.

இரண்டாவது வகை மாத்திரைகளின் குணம் வேறு. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை கணையத்தை முடுக்கி இன்சுலின் சுரக்க வைப்பவை. போட்டவர் சாப்பிட்டாரா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. மெட்பார்மினையும் கிளிமிபிரைடையும் சேர்த்த ஒரே மாத்திரை பரவலாக எழுதப்படுவதால், தாம் போடுவது இந்த வகை என்றே பலருக்குத் தெரிவதில்லை. மாத்திரை போட்டுவிட்டுச் சஷ்டி விரதம் இருப்பவரும், மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டு மாலையில் கடற்கரை-தாம்பரம் மின்ரயிலில் நின்றபடி வருபவரும் ஒரே ஆபத்தில் இருக்கிறார்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்து, தேவையானால் மறுபடியும் எடுத்து, பிறகு சாப்பிட வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது. அதன் கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புது வகை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு தருவதால் இவற்றுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. காப்புரிமை முடிந்தபின் விலையும் இறங்கியது. பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம். வாந்தி பேதியின்போது தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

இனி தட்டு. தமிழர் சாப்பாட்டின் சிக்கல் இனிப்பைவிடச் சோற்றில்தான் அதிகம். ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை பரிமாறும் சாப்பாட்டில் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2022-ல் ஐசிஎம்ஆர்-இந்தியாப் குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வின் கணிப்புப்படி, புதிதாக நோய் கண்டவர்கள் மாத்திரை தேவைப்படாத நிலைக்குத் திரும்ப, உணவின் மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதமும் புரதம் 19 முதல் 20 சதவீதமும் இருக்க வேண்டும். அதாவது சோறு அறவே கூடாது என்பதில்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்த இடத்தில் பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ, தயிரோ வர வேண்டும். பொரியலும் கீரையும் தொட்டுக்கொள்ளும் அளவிலிருந்து பாதித் தட்டுக்கு விரிய வேண்டும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது.

வீடுகளில் நடப்பது வேறு. சோற்றை விட்டு ராத்திரி நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிடுவது பத்தியமாகக் கருதப்படுகிறது. கேழ்வரகு நல்லதென்று அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். மாவாக அரைத்துக் கூழானபின் அது விரைவாகவே சர்க்கரையாக மாறும். சிறுதானியத்தில் நார் கூடுதல்தான், ஆனால் மாவுச்சத்து அரிசிக்கு வெகுதூரத்தில் இல்லை. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் இரத்தத்தில் சர்க்கரைதான்.

சாப்பாட்டு மாற்றத்தின் பலத்தைச் சென்னையிலேயே அளந்திருக்கிறார்கள். நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. உணவும் நடையும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்பார்மின் 26.4 சதவீதம். தட்டும் ஒரு மருந்துதான் என்றால், அதன் அளவு மாறும்போது மாத்திரையின் அளவும் மாறியாக வேண்டும். கிளிமிபிரைடு போடுகிறவர் திடீரெனச் சோற்றைப் பாதியாக்கினால் தாழ்சர்க்கரை வரலாம்.  சித்த மருத்துவத்தில் ஆவாரம்பூக் குடிநீரோ வேறு சூரணமோ சேர்த்து எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரையைத் தொடர்ந்து பெறுவது பெரிய செலவாக இருக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2025 பிப்ரவரியில், மலிவு விலையில் மருந்து விற்கும் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. நடைப்பயிற்சிக்கும் வேளச்சேரி-தாம்பரம் சாலை போன்ற நெரிசலான இடம் வேண்டாம். சாப்பிட்டபின் மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து நிமிடமே வேலை செய்யும்.

சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், இந்த மாற்றங்களெல்லாம் எச்பிஏ1சியில் தெரிய மூன்று மாதம் ஆகும். பலருக்கு இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழே. தனியாக வாழும் முதியவர்களுக்கும் தாழ்சர்க்கரை அடிக்கடி வருபவர்களுக்கும் இலக்கு தளர்த்தப்படும். கண்ணின் விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம் ஆகியவற்றின் முதல் சோதனையை நோய் தெரிந்த உடனேயே செய்துவிட வேண்டும். மூன்று மாத அறிக்கையைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். எண் இலக்கில் நிலைத்துவிட்டால் அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை போதும்.