பரம்பரைப் புற்றுநோயும் குடும்பத்தின் மனச்சுமையும்

ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் புற்றுநோய் தோன்றுமாயின், அதனைக் குலசாபம் என்று கூறி வாளாவிருப்போர் பலர். புற்றுநோய்களுள் 100-க்கு 5 முதல் 10 வரையே பரம்பரையாக வருவன. எனினும், அவை தொடரும் குடும்பங்களின் துயரம் பெரிது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், தையல் தொழில் செய்து வந்த பெண்மணி ஒருவர், தம் குடும்பத்தாரைப் போலத் தாமும் புற்றுநோயால் இளமையிலேயே மாளக்கூடும் என்று 1895-இல் டாக்டர் ஆல்டிரெட் வார்தினிடம் கூறினார். வார்தின் அக்குடும்ப வரலாற்றைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். அப்பெண்மணியோ, அஞ்சியவாறே கருப்பைப் புற்றுநோய்க்கு இரையானார். 1960-களில் இவ்வாராய்ச்சியை வளர்த்த டாக்டர் ஹென்றி லிஞ்சின் பெயராலேயே இப்பரம்பரைக் கோளாறு இன்று வழங்குகிறது. இதற்குக் காரணமான மரபணுக்களுள் முதலாவது 1993-இல் கண்டறியப்பட்டது. பெற்றோருள் ஒருவரிடம் அம்மரபணுப் பழுது இருப்பின், ஒவ்வொரு மகவுக்கும் அது வருவதும் வராததும் சரிபாதி. பழுது வந்தோர் அனைவருக்கும் நோய் வந்தே தீரும் என்பதுமில்லை.

நிற்க. இரத்தப் பரிசோதனை பழுதைக் காட்டுமேயன்றி, மனத்தின் பாரத்தைக் காட்டாது. பிள்ளைக்கு நோயைக் கொடுத்துவிட்டோமே என்று தாய் மறுகுவாள். தமக்கைக்கு வந்தது தனக்கு வராததற்காகத் தம்பியும் மனம் குன்றுவதுண்டு. மகளின் திருமணம் தடைப்படுமென அஞ்சிச் சிலர் செய்தியை மறைப்பர். அதனால் உறவினர் தம்மைக் காத்துக்கொள்ளும் காலத்தை இழப்பர்.

ஆகவேதான் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசனை இன்றியமையாததாகிறது. ஆலோசகர் மூன்று தலைமுறை வம்சாவளியை வரைந்து பார்க்கிறார். முடிவு எதுவாயினும் அதனை எவ்வாறு ஏற்பீர், முதலில் எவரிடம் சொல்வீர் என வினவுகிறார். அறிய விரும்பாதவரை அவர் வற்புறுத்துவதில்லை. சிறுவர் வயது வந்தபின் தாமே தீர்மானிக்கும்படி விடுவதே பொதுவான முறை. உறவினருக்கு விஷயத்தை எவ்வாறு தெரிவிப்பது என்பதற்கும் வழி கூறுகிறார்.

அறிந்துகொள்வதால் பயன் உண்டு. லிஞ்ச் கோளாறு உடையோர் ஓரிரு ஆண்டுகளுக்கொரு முறை பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பரிசோதித்துக்கொள்வாராயின், சிறு கட்டிகளைப் புற்றாக மாறுமுன்னரே அகற்றிவிடலாம்.

நெருங்கிய உறவினர் பலருக்குக் குடற்புற்றோ கருப்பைப் புற்றோ வந்திருப்பின், அதிலும் 50 வயதுக்கு முன்னரே வந்திருப்பின், அங்கத்தினர்கள் அதனை மறையாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். செல்லும்போது தனியே செல்லாமல், மனம் விட்டுப் பேசத்தக்க ஒருவரை உடன் அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.