சந்தன மணம்

செம்பூர்வாசிகளாகிய நமக்கு நறுமணத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாகுல் எண்ணெய் ஆலைகளின் வாடை காற்றோடு வீடு புகும் நாட்களில், சேடா நகர் முருகன் ஆலயத்துச் சந்தனம் நெற்றியில் தரும் ஆறுதலே தனி.

மேனாட்டார் ஆடவர்க்கென விற்கும் வாசனைத் தைலங்கள் பலவற்றின் அடிப்படையும் இச்சந்தனமே. பூ மணங்கள் விரைவில் பறந்துவிடும். சந்தனத் தைலமோ எளிதில் ஆவியாகாது. தான் தங்குவதோடு, உடன்சேர்ந்த மணங்களையும் நிறுத்தி வைக்கும்.

1914இல் உலகப் போர் மூண்டதும் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டிய மைசூர்ச் சந்தனக் கட்டைகள் தேங்கிவிட்டன. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் இங்கேயே தைலம் வடிக்கத் துணிந்தனர். 1916இல் பெங்களூரில் ஆலை எழுந்தது. அத்தைலம் கலந்த சோப்பை இன்றும் நம்மவர் விரும்பி வாங்குகின்றனர்.

இத்துணைப் பெருமை இருந்தும் மரம் அருகியது ஏன்? திருட்டும் நோயும் ஒருபுறமிருக்க, சட்டமும் ஒரு காரணம் என்போம். 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக்கினார். பின்வந்த அரசுகளும் அவ்வுரிமையை விடவில்லை. தனக்குச் சொந்தமாகாத மரத்தை எந்த உழவன் பேணுவான்? 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்குரியவருக்கே மரத்தை உரிமையாக்கின.

ஊரில் காணி நிலம் உள்ள அன்பர்கள் இதனைக் கருதலாம். சந்தனத்தின் வேர் பிற செடிகளின் வேரிலிருந்து உணவை உறிஞ்சுவது. ஆகவே அருகில் துவரை முதலிய துணைச்செடி வேண்டும். நல்ல வைரம் பாய முப்பது ஆண்டுகள் ஆகலாம். வெட்டுவதற்கு வனத்துறையை அணுகியே ஆகவேண்டும்.